மூச்சு விடுகிற இடம்

அண்ணி,

வெள்ளிக்கிழமை மத்தியானம் நித்யா அந்தப் பிளாஸ்டிக் கவரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உடனே மண்ணெண்ணெய் வாசனை வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகி, மடிப்பெல்லாம் விட்டுப்போன இன்லண்ட் கடிதங்களில் வாசனை எங்கே இருக்கப்போகிறது? நித்யாவிடம் கேட்டேன். "பழைய பேப்பர் ஸ்மெல்தான் அத்தை, வேற ஒண்ணும் வரல" என்றாள். எனக்கு வந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் கடிதம் வந்தால் நீங்கள் முதலில் கையில் வாங்கி முகர்ந்து பார்ப்பீர்கள். மலை மேலே பங்கருக்குள் குளிருக்காக மண்ணெண்ணெய் அடுப்பு அணையாமல் எரியும், சோறு, கம்பளி, காகிதம் எல்லாமே அந்த வாசனைதான் அடிக்கும் என்று எழுதியிருந்தான். "இந்தா, உங்க அண்ணன் வந்துட்டாரு" என்று கடிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டுவீர்கள். அப்புறம்தான் என் கையில் கொடுப்பீர்கள். கொடுத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுவீர்கள். அந்த நாற்காலிச் சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பிக்கும். இப்போதும் வேர்க்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுடைய பழைய யூனிட்டில் ஒரு அறை ஒதுக்கி, மலைச் சண்டையில் இறந்துபோனவர்களின் கடிதங்களையும் போட்டோக்களையும் நகலெடுத்து வைக்கப்போகிறார்களாம். நித்யாவுக்குப் போன் வந்திருக்கிறது. நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. உங்கள் பீரோவைத் திறக்க அவளுக்கு இத்தனை நாள் மனசு வரவில்லை. இந்தப் போனுக்குப் பிறகுதான் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த கவரை எடுத்துக்கொண்டு, ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"யூனிட்டுக்குக் காப்பி குடுக்கறது பெரிய விஷயம் இல்ல அத்தை. அப்பா என்ன எழுதினாருன்னு எனக்குக் கேக்கணும். நீங்க படிங்க, நான் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றாள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண், இரண்டாம் பாஷை கன்னடம். போன் கேமராவைக் காட்டினால் அதுவே தமிழைப் படித்துச் சொல்லும் என்று யாரோ சொல்லி, அதையும் முயன்று பார்த்திருக்கிறாள். "அப்பா கையெழுத்தப் பாத்துட்டு ஏதோ மளிகை லிஸ்ட் மாதிரி உளறுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவனுடைய கோழிக் கிறுக்கலுக்கு முதன்முறையாக நன்றி சொல்லத் தோன்றியது.

கவரை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "சண்டே காலைல வர்றேன், தேதிப்படி அடுக்கி வைங்க" என்றாள். எத்தனை கடிதம் என்றுகூட எண்ணவில்லை. இன்று சனிக்கிழமை. நான் எதற்கு இப்படிப் பயப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணனும் நானும் தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். ஒன்றரை வயதுதான் வித்தியாசம், அதனால் அவன் இவன் என்றே எனக்குப் பழகிவிட்டது. "அண்ணனைப் போயி அவன் இவன்கிறியே" என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். அப்பா சுரங்க வேலை ஓய்ந்து ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். இங்கேயே பிறந்து, கவர்மென்ட் கன்னடப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவர் நீங்கள். பேச்செல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் கன்னடம். பஸ் போர்டைத் தூரத்திலேயே கடகடவென்று படிப்பீர்கள். புருஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா எழுத்து கலா இது, எல்லாம் கட்டம் கட்டமா இருக்குது" என்பீர்கள். அவனுக்கோ கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆகவே அவன் எழுதுவதை உங்களுக்குப் படிப்பவளும் நான், நீங்கள் சொல்வதை அவனுக்கு எழுதுபவளும் நான்.

"நடுவுல நீ இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் ஊமைங்க" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். கல்யாணமான புதிதில் வந்த கடிதங்களைப் படிக்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். சில இடங்களில், "இங்க ஏதோ எழுதியிருக்கான், நீங்களே புரிஞ்சிக்கோங்க" என்று தாண்டிவிடுவேன். நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வீர்கள். வரியை விடுகிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்த வருஷம் அவன் யூனிட்டை மலைக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிரஷர் ஏறுகிறது, அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டரம்மா அம்மாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வாரம்தான் மலையிலிருந்து முதல் கடிதம் வந்தது. ராணுவத் தபால், ஸ்டாம்ப் இல்லாத இன்லண்ட். ஊர்ப் பெயர் கிடையாது, வெறும் எண். வழக்கம்போல நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள். நான் படித்துக்கொண்டே போனேன். நாலாவது வரியில், பக்கத்தில் படுத்திருந்த பையன் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, குளிரிலேயே போய்விட்டான் என்று இருந்தது. என் வாய் தானாகவே, "சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை" என்று படித்தது.

நீங்கள் சந்தோஷமாகத் தலையை ஆட்டினீர்கள். பிறகு உங்கள் வழக்கப்படி, "இன்னொரு வாட்டி படி கலா" என்றீர்கள்.

அதுதான் எனக்கு வந்த பேஜார். எந்தக் கடிதத்தையும் நீங்கள் ஒருமுறை கேட்டு விட்டது கிடையாது. இரண்டாம் முறை படிக்கும்போது, "சாப்பாடு நல்லா இருக்கு" என்று படித்துவிட்டேன். "ஸ்வல்ப இரு. மொதல்ல 'ஒரு குறையும் இல்ல'ன்னு படிச்சே?" என்று நிறுத்தினீர்கள். எழுத்து தெரியாதே தவிர, காது அப்படி ஒரு காது உங்களுக்கு. ரெண்டும் ஒன்றுதானே என்று சமாளித்தேன். அன்று முதல், கடிதம் வந்தால் நானே வாங்கி, வாசலில் வைத்தே பிரித்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு, விட வேண்டிய வரிகளின் ஓரத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அதற்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்பதை மனப்பாடம் செய்துகொண்டுதான் உள்ளே வருவேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

ஒருநாள் நீங்கள் அந்தப் புள்ளிகளைக் கவனித்துவிட்டீர்கள். விரலை வைத்து, "இது இன்னா, கொசு முட்டையாட்டம்?" என்றீர்கள். "அது மூச்சு விடுற எடம் அண்ணி. நீளமா எழுதிட்டான்னா எனக்கு மூச்சு வாங்குது இல்ல, அதுக்காக வெச்சேன்" என்றேன். உடனே நம்பினீர்கள். "பாவம் நீ, மெதுவா படி" என்று எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீரை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உங்களை ஏமாற்ற முடியாது என்று எனக்குக் காட்டிய ஒரே பொருள் அந்தப் போட்டோதான். பனியில் மூன்று பேர். தலையை மூடிய கம்பளிக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, மூக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. பின்னால், "இடது பக்கம் நான்" என்று எழுதியிருந்தான். நான் இடது ஓரத்தில் இருந்தவனைக் காட்டினேன். நீங்கள் கொஞ்ச நேரம்கூடப் பார்க்கவில்லை. "இல்ல கலா, இவரு இல்ல. அந்தப் பக்கம் நிக்கிறாரு பாரு, ஒரு கால்ல பாரத்தைப் போட்டுக்கினு. அவருதான்" என்றீர்கள். அவன் எழுதியதே தப்பாக இருக்குமா என்று வாதாடினேன். பிறகு அவனோடு இருந்த ஒருவர் லீவில் வந்தபோது காட்டினோம். நீங்கள் சொன்னவன்தான் அண்ணன். அவன் தன் இடது கைப் பக்கத்தைச் சொல்லியிருக்கிறான். பாஷையும் எழுத்தும் இல்லாமலே அவனைப் படித்தவர் நீங்கள். அப்படியும் என் வாயைத்தான் நம்பினீர்கள்.

இனி அந்தக் கடிதம். ஏழாம் மாதத்தில் வந்தது. அதில் பாதிப் பக்கத்துக்கு மேல் நான் புள்ளி வைத்திருக்கிறேன். இன்னும் உயரமான இடத்துக்குப் போகப்போவதாகவும், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றும், அதற்குச் சரி என்று உங்கள் வார்த்தை வேண்டும் என்றும் எழுதியிருந்தான் அண்ணி. பதில் வந்தால்தான் நிம்மதியாகப் போவேன் என்று எழுதியிருந்தான்.

வாசலில் நின்று படித்தேன். உள்ளே நீங்கள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. இதைப் படித்தால் உங்களுக்கும் குழந்தைக்கும் என்ன ஆகுமோ என்று பயந்தேன், அது நிஜம். உள்ளே வந்து, பனி அழகாக இருக்கிறது, கம்பளிச் சட்டை புதிதாகக் கொடுத்தார்கள், குழந்தைக்குப் பெயர் யோசித்து வையுங்கள் என்று பாதிப் பக்கத்தை இட்டுக்கட்டினேன். இன்னொரு வாட்டி கேட்டீர்கள். அதையும் பிசகாமல் சொன்னேன். பிறகு பதில் எழுத உட்கார்ந்தோம். நீங்கள் பெயர்கள் சொன்னீர்கள், குழந்தை உதைப்பதைச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் எழுதினேன். அடியில் ரெண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. அவன் அங்கே காத்துக்கொண்டிருப்பானே என்று நினைத்தேன். "நீங்கள் சொன்னதற்குச் சரி. கட்டாயம் கேட்கிறேன். எதையும் நினைத்துக் கவலைப்படாமல் போய் வாருங்கள்" என்று உங்கள் பெயரில் நானே எழுதி, மடித்து, ஒட்டிவிட்டேன்.

உங்கள் வாயால் ஒரு சத்தியத்தை நான் செய்துவிட்டேன். உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அவன் இறந்த செய்தியோடு ஆபீஸர் ஒருவர் வந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன். நாம் இரண்டு பேரும் பார்த்ததுதானே. அதற்குப் பிறகு ஒன்பது நாள் கழித்துத் தபால்காரர் வந்தார். மலையிலிருந்து கடைசிக் கடிதம், அவன் போன பிறகு வந்து சேர்ந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தபால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வீடு நிறைய ஆட்கள். யாரோ, "படிம்மா, அவன் என்ன சொல்லியிருக்கானோ" என்றார்கள். நீங்கள் நாற்காலியை இழுக்கவில்லை, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். "உன் பதில் வந்தது. இனி எனக்குப் பயமில்லை. நீ ஒத்துக்கொண்டது பெரிய மனசு" என்று இருந்தது. எனக்குப் புள்ளி வைக்க நேரமில்லை. நாக்கு தானாகவே தாண்டியது. "குழந்தையை நல்லா பாத்துக்கோன்னு எழுதியிருக்கான் அண்ணி" என்றேன். நீங்கள் "சரி" என்றீர்கள். கடிதத்தைப் பார்த்து, அவனுக்கே சொல்கிற மாதிரி, "சரிங்க" என்றீர்கள்.

அந்தப் பொய்களை அன்றைய நிலைமைக்காகச் சொன்னேன் என்று எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்ள முடியும். அடுத்ததற்கு முடியாது.

நித்யாவுக்கு மூன்று வயது. நீங்கள் கார்மென்ட்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அத்திபெலேக்காரர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். உங்களைக் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள். கையில் நித்யாவின் கவுன் சொட்டிக்கொண்டிருந்தது. "மனசுக்குப் புடிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன் கலா. ஆனா இவரு இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு? லெட்டர்ல எங்கியாச்சும் எதனா சொல்லியிருக்காரா? நீதானே எல்லாத்தையும் படிச்சவ."

அண்ணி, அன்று உங்களுக்குப் பிரஷர் இல்லை. வயிற்றில் குழந்தை இல்லை. சொல்லியிருக்கலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பேத்தியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அத்திபெலே போய்விட்டால் அம்மா செத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதுகூட ரெண்டாவதாகத்தான் நினைத்தேன். முதலில் நினைத்தது என்னை. சாயங்காலம் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை முடிந்து வந்தால், "வந்துட்டியா, காபி போடட்டா" என்று கேட்க யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கும் கல்யாணம் கூடிவராமலே போய்க்கொண்டிருந்த காலம் அது. "அப்படியெல்லாம் ஒண்ணும் எழுதல அண்ணி" என்றேன்.

நீங்கள் கவுனை உதறி, கிளிப் மாட்டினீர்கள். "சரி, விடு" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் மாஸ்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல், நித்யாவோடு வைட்ஃபீல்டுக்குக் குடிபோகும் வரை, எனக்குத் தினமும் காபி போட்டுக் கொடுத்தீர்கள்.

இன்று மத்தியானம் அந்த ஒரு கடிதத்தையும், நான் எழுதிய பதிலையும், அந்தக் கடைசிக் கடிதத்தையும் தனியே எடுத்து, கோதுமை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். பதில் எப்படித் திரும்பி வந்தது என்கிறீர்களா? அவன் போன பிறகு யூனிட்டிலிருந்து அனுப்பிய அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில்தான், உங்கள் போட்டோவோடு ஒரே உறையில் இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நித்யா எண்ணவில்லை. அவள் இல்லாமல் எனக்கு யாரும் கிடையாது. நாலு தரம் டப்பாவை நகர்த்தி வைத்தேன். இதோ, இப்போது மறுபடியும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

*

ஞாயிறு, மாலை.

நித்யா வரும்முன் மூன்றையும் எடுத்துக் கவரில் வைத்துவிட்டேன் அண்ணி. ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தது, ஊதிவிட்டேன். தைரியம் வந்து செய்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம். காலையில் எனக்கு நானே காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்டையில் இறங்கவில்லை.

பத்து மணிக்கு வந்தாள். போனை மேஜைமேல் வைத்து, சிவப்புப் பொத்தானைத் தட்டினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் அப்படியே உங்கள் சத்தம்.

வரிசையாகப் படித்தேன். புள்ளி வைத்த வரிகளை அவன் எழுதியபடியே படித்தேன். குளிரில் போன பையனைப் பற்றிப் படித்தபோது, "அப்பா இவ்ளோ பயந்துட்டாரா?" என்றாள். "பயந்திருக்கான். எழுதினதே பெரிசு" என்றேன். பிறகு அந்தக் கடிதம் கைக்கு வந்தது. முதல் நாலு வரி படித்தேன். புள்ளி வைத்த இடத்தில் நின்றுவிட்டேன்.

நித்யா எட்டிப் பார்த்தாள். "மூச்சு விட்டுக்கோங்க அத்தை. புள்ளி வெச்ச எடம் வந்துடுச்சா?" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். சின்ன வயசுல இதையெல்லாம் எடுத்து விரலை வெச்சு காட்டுவாங்க. 'இந்த எடத்துல உங்க அத்தை மூச்சு விடுவா, அந்த நேரத்துல நான் அவரை நெனச்சிக்குவேன்'னு சொல்லுவாங்க."

அண்ணி, நீங்கள் அதைச் செய்திருக்கிறீர்கள். நான் அடுத்த பொய்யை நாக்கில் தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு விநாடியில் நீங்கள் அவனை நினைத்திருக்கிறீர்கள். நான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். "அது மூச்சு விடுற எடம் இல்லடி. நான் உங்கம்மாவுக்குப் படிக்காம விட்ட எடம்" என்றேன். நித்யா கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தேன். நான் எழுதிய பதிலையும், கடைசியாக வந்ததையும் படித்தேன். அவள் கேட்டது கொஞ்சம்தான்.

"அம்மா உங்களைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. உனக்கு மூணு வயசு அப்போ."

"மாஸ்டர் அங்கிளா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் காரியத்துக்கு அவர் வந்திருந்தாராம், மேலே வராமல் அபார்ட்மென்ட் கேட்டருகிலேயே நின்றுவிட்டுப் போனாராம். நான் அவரைப் பார்க்கவே இல்லை. நித்யா எழுந்து கவரை எடுத்துக்கொண்டாள். "நீங்க சொல்லியிருக்கலாம் அத்தை" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்காகச் செய்த பிரியாணி குக்கரிலேயே இருக்கிறது. அந்த ஒரு கடிதம் மட்டும் மேஜைமேல் கிடக்கிறது. மறந்துவிட்டாளா, தொடப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.

வழக்கமாக வைட்ஃபீல்டில் இறங்கியதும் 'வந்துட்டேன்' என்று ஒரு மெசேஜ் போடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை, நீங்கள் பழக்கியது. ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. மூன்று, நாலு, ஐந்து ஆயிற்று. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன். கிளினிக்கில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும்போதுகூட நடுநடுவே நின்றுவிடுகிறேன் என்று டாக்டர் கடிந்துகொள்வார், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. யாருக்கு எதைப் படித்தாலும், ஏதோ ஒரு வரியை விடப்போகிறேன் என்ற பயம் எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. சாகும் வரை இருக்கும்.

ஆறு மணிக்குப் போன் ஒலித்தது. எழுத்தில் இல்லை, குரலில் அனுப்பியிருந்தாள். மூக்கு அடைத்திருந்தது.

"அத்தை, வந்து சேந்துட்டேன். அந்த லெட்டர் அப்போ நான் ரெக்கார்டிங்க ஆஃப் பண்ணிட்டேன். இன்னொரு வாட்டி படிச்சு அனுப்புங்க. எனக்குப் படிக்க வேணாம். அம்மாவுக்குப் படிங்க."

கோபம் தீர்ந்துவிட்டதா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. தீர வேண்டும் என்று கேட்க எனக்கு வாயும் இல்லை. உங்கள் போட்டோவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன். கேளுங்கள் அண்ணி, அவன் எழுதியது இதுதான்:

"இன்னும் இருபது இருபத்தைந்து நாளில் மேலே போகிறோம். அதற்குள் உன் பதில் வந்துவிட்டால் நிம்மதியாகப் போவேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ இப்படியே உட்கார்ந்துவிடக் கூடாது. நல்ல மனிதனாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள். அம்மா அழுவாள், கலா சமாதானம் சொல்வாள். என் பிள்ளைக்கு அப்பா என்று கூப்பிட ஒரு ஆள் வேண்டும். உனக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை எழுதச் சொல். இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். கலா இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவள் ஒரு எழுத்து விடாமல் உனக்குப் படித்துக் காட்டுவாள்."

அவ்வளவுதான். இன்னொரு வாட்டி படிக்கட்டுமா, அண்ணி?